தாய்லாந்து மொழிபெயர்ப்பு வேலைக்கு எந்த அகராதி?

கேள்வி இதுதான்: "பாங்காக்கில் சில வருடம் வேலை பார்த்தேன். தாய்லாந்து மொழி பேசுவேன், ஓரளவு வேகமாகப் படிக்கவும் வரும். ஊருக்குத் திரும்பிய பிறகு அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துத் தரச் சொல்லி வேலைகள் வருகின்றன. பெரும்பாலும் சான்றிதழ்களும் ஒப்பந்தங்களும்தான், எப்போதாவது ஒரு கட்டுரை. நம்பி வைத்துக்கொள்ள நல்ல தாய்லாந்து–ஆங்கில அகராதி எது?"

ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் என்னால் முடியாது. தமிழுக்கு க்ரியாவின் அகராதி இருப்பது போல, இன்றைய மொழியை எடுத்து, எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு ஆங்கிலப் பொருளும் சேர்த்து, பொறுப்பாகத் தொகுத்த ஒரே நூல் என்று தாய்லாந்து மொழிக்கு நான் எதையும் பார்த்ததில்லை. இருப்பவை எல்லாம் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் ஓட்டையாகவும் இருக்கின்றன. அதோடு, கேள்வியையே கொஞ்சம் மாற்றிக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். மொழிபெயர்ப்பாளருக்கு முதலில் வேண்டியது தாய்லாந்து–ஆங்கில அகராதி இல்லை. தாய்லாந்துச் சொல்லுக்கு தாய்லாந்து மொழியிலேயே பொருள் சொல்லும் அகராதிதான். இருமொழி அகராதி அதற்கு அடுத்த படி.

அந்த முதல் அகராதி அரசுடையது. தொகுப்பது ராஜபண்டித சபை. அவர்கள் மொழியிலும் கிட்டத்தட்ட இதே பெயர்தான். 2015க்கு முன்னால் ஆங்கிலத்தில் ராயல் இன்ஸ்டிட்யூட் என்றார்கள், இப்போது ராயல் சொசைட்டி. 1950, 1982, 1999, 2011 என்று பதிப்புகள் வந்திருக்கின்றன. அட்டையில் புத்த ஆண்டுதான் இருக்கும், ஆகவே கடைசிப் பதிப்பை எல்லாரும் 2554 பதிப்பு என்பார்கள். அச்சாகி வந்தது 2013இல். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பள்ளிக்கூடமும் அரசு அலுவலகமும் எழுத்துக்கூட்டலுக்கு இதைத்தான் பார்க்கின்றன.

பொருள் சொல்வதைவிட எனக்கு அதிகம் உதவுவது அதிலுள்ள அடைப்புக்குறிக் குறிப்புகள். சட்டச் சொல்லுக்கு 'கோத்' என்று ஒரு குறி, பேச்சு வழக்குக்கு 'பாக்' (வாய் என்று அர்த்தம்), அரசவைச் சொல்லுக்கு 'ராச்சா', செய்யுள் சொல்லுக்கு 'க்லோன்', வழக்கொழிந்ததற்கு 'போ'. ஒரு சொல் எந்தத் தளத்தில் புழங்குகிறது என்று தெரியாமல் ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது. இருமொழி அகராதிகள் பலவற்றில் இந்தத் தகவல் இருப்பதில்லை. சாப்பிடு என்பதற்கு மட்டும் கின், தான், ரப்ப்ரதான், புத்த பிக்குகளுக்கு சன், அரச குடும்பத்துக்கு சவோய் என்று ஒரு வரிசையே உண்டு. ஆங்கிலத்தில் எல்லாமே 'ஈட்' என்று போட்டால் போயிற்று, உண்மைதான். ஆனால் மூலத்தில் யார் யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற துப்பு அந்த வினையில் மட்டுமே இருக்கும் இடங்கள் வரும். எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது அங்கே சர்வ சாதாரணம். தமிழிலும் 'நேற்று வந்தான்' என்று எழுவாய் இல்லாமல் எழுதுகிறோம், ஆனால் வினையின் விகுதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். தாய்லாந்து வினைக்கு விகுதியே கிடையாது. ஆண், பெண், ஒருமை, பன்மை, காலம் எதுவும் அதில் ஒட்டாது.

ஒப்பந்தங்கள் வருகின்றன என்றீர்களே, ஒரு ஜோடியைக் கிட்டத்தில் பார்க்கலாம். 'மோக்க' என்று ஒரு சொல், 'மோக்கிய' என்று ஒரு சொல். இரண்டும் ஒப்பந்தம் செல்லாது என்பதைப் பற்றியவை. எழுத்தில் ஒரு சிறு வித்தியாசம்தான், அவசரத்தில் கண்ணுக்கே படாது. பேச்சுமொழிக்காகத் தொகுத்த சிறிய அகராதி ஒன்றில் பார்த்தால் முதல் சொல்லுக்கு 'இன்வேலிட்', 'யூஸ்லெஸ்' என்று ஏதாவது இருக்கும், இரண்டாவது சொல் இருக்கவே இருக்காது. அரசு அகராதி இரண்டையும் சட்டக் குறியோடு பிரித்துச் சொல்லும். மோக்க என்றால் சட்டப்படி தொடக்கத்திலிருந்தே பயனற்றது, அதாவது 'வாய்டு'. மோக்கிய என்றால் உரியவர் பின்னால் ரத்து செய்யவோ ஏற்று உறுதிப்படுத்தவோ கூடியது, அதாவது 'வாய்டபிள்'. சட்டப்படி உரிய வயது நிரம்பாதவர் காப்பாளர் சம்மதம் இல்லாமல் போட்ட ஒப்பந்தம் இரண்டாவது வகை. ஏற்று உறுதிப்படுத்துவதற்கு அவர்கள் சொல்லும் சொல் 'சத்யாபன்'. சத்தியம் அதில் தெரிகிறது இல்லையா. இதில் ஒன்றை மற்றொன்றாக எழுதிக் கொடுத்தால் வக்கீல் அலுவலகத்திலிருந்து போன் வரும்.

தாய்லாந்து மொழியிலேயே பொருள் படித்துப் புரிந்துகொண்ட பிறகு, பொருத்தமான ஆங்கிலச் சொல் நாக்கில் வராமல் நிற்கும்போதுதான் இருமொழி அகராதியைத் திறக்க வேண்டும். அப்படித் திறப்பதற்கு எவை நல்லவை என்று பார்ப்போம்.

மேரி ஹாஸ் தொகுத்து ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1964இல் வெளியிட்ட மாணவர் அகராதியை நான் இன்னும் கைக்கெட்டும் இடத்தில்தான் வைத்திருக்கிறேன். அவர் மொழியியலாளர், அதிலும் அமெரிக்கப் பழங்குடி மொழிகளில் பெரிய பெயர். இரண்டாம் உலகப்போர் காலத்தில் அமெரிக்க ராணுவத்தினருக்கு தாய்லாந்து மொழி கற்பிக்கப் போய், அந்த வழியாக இந்த அகராதி வரை வந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் தொனியோடு (குரலின் ஏற்ற இறக்கம், அது மாறினால் பொருளே மாறிவிடும்) உச்சரிப்பு இருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு எண்ணுச் சொல் இருக்கிறது. முதல் சொல்லின் கீழே அதிலிருந்து கிளைக்கும் கூட்டுச் சொற்கள் வரிசையாக வருகின்றன. கைப்பேசியையும் இணைய வங்கியையும் அதில் தேடாதீர்கள். ஆனால் மொழியின் எலும்பும் சதையும் அறுபது வருடத்தில் அவ்வளவாக மாறிவிடவில்லை.

கூட்டுச் சொற்களை ஏன் இப்படித் தனியாகச் சொல்கிறேன் என்றால், தாய்லாந்து மொழியில் பாதிச் சிக்கல் அங்கேதான். 'மே' என்றால் அம்மா, 'நாம்' என்றால் தண்ணீர், 'மேநாம்' என்றால் ஆறு. இதுவரை ஊகித்துவிடலாம். 'லூக்' என்றால் பிள்ளை. அப்படியானால் 'லூக்நாம்'? ஓடை, வாய்க்கால் என்று மனம் போகும். கொசுப்புழு! டெங்கு தடுப்புச் சுற்றறிக்கையில் இது வரிக்கு வரி வரும். போதாக்குறைக்கு காற்புள்ளிக்கும் அதே பெயர் உண்டு, வடிவத்தைப் பார்த்து வைத்திருப்பார்கள் போல. இதேபோல 'சாய்' என்றால் உள்ளம், 'தீ' என்றால் நல்லது. 'சாய்தீ' என்றால் இளகிய மனசு, திருப்பிப் போட்டு 'தீசாய்' என்றால் மகிழ்ச்சி. எந்த அகராதியை வாங்கினாலும் சாய் என்ற தலைச்சொல்லின் கீழே எத்தனை கூட்டுச் சொற்கள் கொடுத்திருக்கிறார்கள் என்று கடையில் நின்றே புரட்டிப் பாருங்கள். அரைப் பக்கம்தான் இருந்தால் திரும்ப வைத்துவிடலாம்.

எண்ணுச் சொல் என்று சொன்னேனே, அது மனிதனுக்கு ஒன்று, புத்தகத்துக்கு ஒன்று, காருக்கு ஒன்று என்று எண்ணும்போது சேர்க்க வேண்டிய சொல். காட்டு யானைக்கு 'துவா', பழக்கிய யானைக்கு 'சுவாக்'. ஆங்கிலத்துக்குப் போகும்போது இது தேவைப்படாது என்று தோன்றும். ஆனால் சரக்குப் பட்டியலிலும் சாட்சி வாக்குமூலத்திலும் பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு 'மூன்று லெம்' என்று மட்டும் எழுதியிருப்பார்கள். லெம் என்பது புத்தகத்துக்கும் வரும், கத்திக்கும் வரும். வாக்குமூலத்தில் எது என்று முந்தைய வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஹாஸுக்குப் பிறகு காகிதத்தில் வந்தவற்றில் எனக்குப் பிடித்தது தம்னன் கார்டன், சத்தியன்போங் வன்னபோக் இருவரும் தொகுத்து 1994இல் வந்த தாய்லாந்து–ஆங்கில அகராதி. ஆங்கிலம் இயல்பான ஆங்கிலமாக இருக்கும், சொற்றொடர்கள் நிறைய இருக்கும். இலக்கியமோ பத்திரிகைக் கட்டுரையோ செய்கிறவர்கள் பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விட வேண்டாம்.

தாய்லாந்து வீடுகளில் அதிகம் பார்க்கக்கூடியது சோ சேத்தபுத் என்பவர் பெயரில் வரும் அகராதி. அவர் இங்கிலாந்தில் படித்துவந்த அதிகாரி. 1933இல் இளவரசர் போவோரதெத் தலைமையில் அரசாங்கத்தை எதிர்த்து நடந்த கலகத்தை ஒட்டி அரசியல் கைதியாகி, பாங்குவாங் சிறையில் உட்கார்ந்து ஆங்கில–தாய்லாந்து அகராதியை எழுதினார். எழுதிய தாள்கள் ரகசியமாக வெளியே போய் அச்சாயின. அப்புறம் தருதாவ் தீவுக்கு அனுப்பினார்கள். தாய்லாந்து–ஆங்கிலப் பக்கமும் அவர் பெயரில் இருக்கிறது, ஆனால் அவருடைய உண்மையான பலம் ஆங்கில–தாய்லாந்துதான். உங்கள் வேலைக்கு இது தலைகீழ் திசை. இருந்தும் வைத்துக்கொள்ளலாம் என்பேன், காரணம் உண்டு: நீங்கள் தேர்ந்தெடுத்த ஆங்கிலச் சொல்லை அதில் போட்டுப் பார்த்து, தொடங்கிய தாய்லாந்துச் சொல்லுக்கே திரும்பி வருகிறதா என்று சரிபார்க்கலாம். வராவிட்டால் எங்கோ பொருள் வழுக்கியிருக்கிறது.

இன்னும் பழையவை வேண்டுமானால் ஜார்ஜ் மக்ஃபார்லண்டின் 1941 அகராதி. தாய்லாந்திலேயே பிறந்த மிஷனரி குடும்பத்து டாக்டர் அவர். சகோதரர் எட்வின்தான் 1892இல் முதல் தாய்லாந்துத் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தவர். விசைகளில் இடம் போதாமல் அவர் இரண்டு மெய்யெழுத்துகளை விட்டுவிட, அந்த இரண்டும் நாளடைவில் வழக்கிலிருந்தே போய்விட்டன. இன்றும் 44 மெய் என்று சொல்லிக்கொடுப்பார்கள், எழுதுவது 42. ஜார்ஜின் அகராதி எனக்குப் பயன்படுவது மரம், செடி, மீன், பறவைப் பெயர்களுக்கு: லத்தீன் அறிவியல் பெயர் இருப்பதால் எந்தச் செடி என்ற சந்தேகம் தீர்ந்துவிடும். 19ஆம் நூற்றாண்டு ஆவணம் என்றால் பிஷப் பல்லெகுவா 1854இல் பாரிஸில் அச்சிட்ட அகராதி. சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) மொழிக்கு லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மூன்று மொழியில் பொருள். இவருக்கும் மோங்குத் மன்னருக்கும் நல்ல நட்பு, மன்னருக்கு லத்தீன் சொல்லிக்கொடுத்தவர். டான் பீச் பிராட்லி 1873இல் அச்சிட்ட 'அக்கராபிதான்சப்' தாய்லாந்து–தாய்லாந்து. அட்சரம், அபிதானம், சப்தம் என்று பெயரைப் பிரித்தால் நமக்கே புரிகிறது.

இணையத்துக்கு வருவோம். அரசு ஆராய்ச்சி மையமான நெக்டெக் உருவாக்கிய லெக்சிட்ரான் ஒரு காலத்தில் பெரிய விஷயம். அதன் தரவை எடுத்துப் பல செயலிகள் வாழ்கின்றன. அதனால் கைப்பேசியில் நான்கு அகராதிச் செயலி போட்டு நான்கும் ஒரே பொருளைச் சொன்னால், நான்கு சாட்சி கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். நான்குக்கும் தகப்பன் ஒருவனாக இருக்கலாம். லெக்சிட்ரானில் எண்ணுச் சொல், ஒத்த சொற்கள், எடுத்துக்காட்டு வாக்கியம் எல்லாம் உண்டு. ஒத்த சொற்கள் என்று அடுக்குவதில் மட்டும் கொஞ்சம் தாராளம். கிட்டத்தில் வரும் எல்லாச் சொல்லுக்கும் ஒரே ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டுப் போகும்.

லாங்டோ என்பது பல அகராதிகளை ஒரே தேடலில் காட்டும் தளம். லெக்சிட்ரானும் அதில் வரும், ராஜபண்டித சபையின் கலைச்சொல் பட்டியலும் வரும். அன்றாட வேலைக்கு நான் முதலில் திறப்பது இதைத்தான். ஆனால் எந்தப் பெட்டியிலிருந்து பொருளை எடுக்கிறோம் என்று பார்த்து எடுக்க வேண்டும், ஏனென்றால் தன்னார்வலர் சேர்த்ததும் அங்கேயே இருக்கும். தாய்-லாங்குவேஜ், தாய்-டு-இங்கிலீஷ் என்று இரண்டு தளங்கள், கற்பவர்களுக்காக ஆங்கிலம் பேசுகிறவர் கண்ணோட்டத்தில் செய்தவை. ஒரு பத்தியை அப்படியே ஒட்டினால் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டுவார்கள்.

பிரிப்பது என்ன பெரிய காரியம் என்று கேட்காதீர்கள். தாய்லாந்து எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. இடைவெளி விட்டால் அது வாக்கியமோ தொடரோ முடிகிறது என்று அர்த்தம். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு: ஒரே எழுத்துத் தொடரை 'தா க்லோம்' என்று பிரித்தால் உருண்டைக் கண், 'தாக் லோம்' என்று பிரித்தால் காற்று வாங்குவது. உங்களுக்குப் படிக்க வரும் என்பதால் இது தானாகப் பிரியும். ஆனால் பெயர்ச்சொல் ஒன்று ஆள் பெயரா ஊர்ப் பெயரா சாதாரணச் சொல்லா என்று தெரியாத இடத்தில் மாட்டிக்கொள்வோம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வசதியும் கிடையாதே. தளங்களும் அங்கேதான் தவறாக வெட்டும்.

காகித அகராதியில் தேடுவது தமிழருக்கு ஒரு விதத்தில் சுலபம். தாய்லாந்து எழுத்திலும் ஏ, ஓ, ஐ குறிகள் மெய்க்கு முன்னால் நிற்கும், நம் கொம்பு போலவே. அகராதியிலோ மெய்யின் கீழேதான் வரும். 'கே'யைத் தேடக் 'க'வுக்குப் போக வேண்டும் என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்திலிருந்து வருகிறவர்கள் இதில் கொஞ்ச நாள் திணறுவார்கள். ஆனால் கணினியில் மட்டும் எச்சரிக்கை. தமிழில் மெய்யை முதலில் தட்டுகிறோம், சேமிப்பும் அந்த வரிசைதான். தாய்லாந்தில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பை முதலில் தட்ட வேண்டும், சேமிப்பும் அப்படியே. ஆகவே தாய்லாந்து வரிசை முறை தெரியாத மென்பொருளில் உங்கள் சொற்பட்டியலை வரிசைப்படுத்தினால் ஏகாரச் சொற்கள் எல்லாம் ஒரு மூலையில் போய்க் குவியும்.

இன்னொரு சலுகை, வடமொழிச் சொற்கள். ஸகர ஒலிக்கு அங்கே நான்கு எழுத்து உண்டு. காதில் கேட்ட சொல்லை எதன் கீழ் தேடுவது? ஸ, ஷ, ஶ வித்தியாசம் தெரிந்தவர் சமஸ்கிருத மூலத்தை நினைத்துப் பார்த்தாலே சரியான எழுத்துக்குப் போய்விடலாம். பாஷா, பிரதேசம், வித்யாலயம் எல்லாம் எழுத்துக்கூட்டலில் அப்படியே உட்கார்ந்திருக்கும், உச்சரிப்பில்தான் தேய்ந்திருக்கும். இந்தத் தெம்பில் பொருளையும் ஊகிக்கப் போனால் கதை கந்தல். 'வாசனா' என்றால் அங்கே முற்பிறவிப் புண்ணியத்தால் வாய்த்த யோகம், மணம் அல்ல. 'சங்கோம்' என்றால் சமுதாயம். 'பயாயாம்' என்றால் முயற்சி, உடற்பயிற்சி அல்ல. 'அபை' என்றால் மன்னிப்பு. 'சோங்சான்' என்பது நம் சம்சாரம்தான், ஆனால் அங்கே அதற்குப் பரிதாபப்படுவது என்று பொருள். வீட்டில் இதை நான் சொல்லிச் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டது வேறு விஷயம். வடமொழிச் சொல் என்று தெரிந்த அந்த நிமிடமே அரசு அகராதியைத் திறந்துவிடுங்கள்.

ஆங்கில எழுத்தில் தட்டித் தேடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுவது நல்லது. கே, எச், ஏ, ஓ என்று அரசு ஒலிபெயர்ப்பு முறைப்படி தட்டினால் சோறு, வெள்ளை, செய்தி, அவன், மலை, நுழை என்று எல்லாமே வந்து நிற்கும். அந்த முறை தொனியையும் குறில் நெடிலையும் காட்டுவதில்லை. தாய்லாந்து விசைப்பலகையைக் கைப்பேசியிலும் கணினியிலும் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி அகராதிக்கு வெளியே. சட்டமும் ஒப்பந்தமும் செய்கிறவருக்கு அகராதியைவிடப் பெரிய உதவி, இரு மொழியிலும் பக்கம் பக்கமாகக் கிடைக்கும் சட்டங்கள். கிரித்சடீகா எனப்படும் அரசு சட்ட ஆலோசனை மன்றம் பல சட்டங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியிட்டிருக்கிறது. மூலம் தாய்லாந்து மொழிதான், ஆங்கிலம் பார்வைக்கு மட்டும் என்ற எச்சரிக்கையோடு. ஒரு சொல்லைச் சட்டத்தின் தாய்லாந்து வடிவில் கண்டுபிடித்து, அதே பிரிவை ஆங்கிலத்தில் திறந்தால் வக்கீல்கள் பழகிப்போன சொல் கிடைத்துவிடும். 'நிதிபுக்கோன்' என்பதற்கு 'லீகல் பெர்சன்' என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது, அங்கே எல்லாரும் 'ஜூரிஸ்டிக் பெர்சன்' என்றே எழுதுகிறார்கள் என்பது இப்படித்தான் தெரியும்.

சான்றிதழ்களுக்கு இன்னும் நேர்வழி இருக்கிறது. தாய்லாந்து வெளியுறவு அமைச்சகத்தின் தூதரக விவகாரத் துறை பிறப்பு, திருமணம், வீட்டுப் பதிவேடு போன்றவற்றுக்கு மாதிரி ஆங்கில மொழிபெயர்ப்புகளை வைத்திருக்கிறது. அவர்கள் சொல்லையே எடுத்தாளுங்கள். மாகாணங்களில் 'அம்போ' என்பதும் பாங்காக்கில் 'கெத்' என்பதும் மாவட்டம் என்ற 'டிஸ்ட்ரிக்ட்', 'தம்போன்', 'க்வேங்' இரண்டும் 'சப்-டிஸ்ட்ரிக்ட்'. இதில் படைப்பாற்றல் காட்டினால் முத்திரை போடும் அதிகாரி திருப்பி அனுப்புவார். ஆள் பெயரை எந்த ஒலிபெயர்ப்பு விதிப்படியும் எழுதாதீர்கள். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி.

தேதியும் அகராதியில் கிடைக்காத சரக்கு. புத்த ஆண்டிலிருந்து 543ஐக் கழிக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும். ஆனால் 1941க்கு முன்னால் அங்கே புத்தாண்டு ஏப்ரல் 1. ஆகவே 2480 பிப்ரவரியில் பிறந்த ஒரு பாட்டியின் ஆவணம் வந்தால், கழித்து 1937 என்று எழுதக் கூடாது. அது 1938 பிப்ரவரி. 2483ஆம் ஆண்டுக்கு ஒன்பது மாதம்தான், ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிட்டது. ஜனவரி 2483 என்று எங்காவது கண்டால் ஆவணத்தையே சந்தேகியுங்கள், அல்லது யாரோ பிற்காலத்தில் கணக்குப் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

குறுக்கங்கள் தனித் தொல்லை. பொ.ரொ.பொ. என்றால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். பொ.ரொ.கொ. என்றால் அவசரச் சட்டம். பொ.ரொ.டொ. என்றால் அரச ஆணை. கடைசி இரண்டுக்கும் இடையே ஓர் எழுத்துதான் வித்தியாசம், செய்தித்தாள் மொழிபெயர்ப்புகளில் மாறி மாறி வரும். அதோடு, கார் விற்பவர் "பொ.ரொ.பொ. முடிந்துவிட்டது" என்று எழுதினால் அவர் சட்டத்தைச் சொல்லவில்லை. 1992ஆம் ஆண்டின் வாகன விபத்துச் சட்டப்படி எடுக்க வேண்டிய கட்டாயக் காப்பீட்டைத்தான் மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். இயந்திர மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் 'சட்டம் காலாவதியாகிவிட்டது' என்று கம்பீரமாகப் போடக்கூடும்.

இயந்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முதல் வரைவுக்கு இன்றைய கருவிகள் நன்றாகவே உதவுகின்றன, சொல் பிரிப்பிலும் கெட்டி. ஆபத்து வேறு இடத்தில். மூலத்தில் எழுவாய் இல்லாத வாக்கியத்துக்கு அது 'ஹி' என்றோ 'ஐ' என்றோ தானாக ஒன்றைப் போட்டு வழவழப்பாக எழுதிவிடும். வாக்குமூலத்தில் அடித்தவன் யார் என்பது இப்படி மாறிப்போனால் அகராதி வந்து காப்பாற்றாது. 'பீ', 'நோங்' என்ற உறவுச் சொற்களும் அப்படியே. அண்ணனா அக்காவா, தம்பியா தங்கையா, உறவே இல்லாத கடைக்காரரா என்று சொல்லில் தெரியாது. கடைக்காரரை அண்ணே என்று கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை, இயந்திரம் ரத்த உறவாக்கிவிடும்.

உரையாடல் பதிவுகள், சமூக ஊடகத் திரைப்பிடிகள் என்று இப்போது நிறைய வருகின்றன. அவற்றுக்கு அரசு அகராதி மட்டும் போதாது. ராஜபண்டித சபையே 2007இலிருந்து புதுச்சொல் அகராதி என்று சிறு தொகுதிகள் போட்டது. மதிச்சோன் பத்திரிகைக் குழுமம் 2004இல் வெளியிட்ட அகராதியும் பேச்சு வழக்கை ஒதுக்காமல் எடுத்துக்கொண்டது. அதற்கும் மேல் தாய்லாந்து நண்பர்தான். வரியின் முடிவில் 555 என்று இருந்தால் எண் அல்ல, சிரிப்பு: ஐந்துக்கு அவர்கள் சொல் 'ஹா'. மருத்துவ ஆவணங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம், டாக்டர் எழுதும் பகுதி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும்.

சரி, கையில் காசு வைத்துக்கொண்டு என்ன செய்வது? 2554 பதிப்பு இணையத்தில் இருக்கிறது, லாங்டோ இருக்கிறது, கிரித்சடீகா மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன, எதற்கும் செலவில்லை. ஒப்பந்த வேலை தொடர்ந்து வருமானால் முதலில் வாங்க வேண்டியது, பாங்காக்கில் சட்ட மாணவர்கள் பயன்படுத்தும் தாய்லாந்து–ஆங்கிலச் சட்ட அகராதி ஏதாவது ஒன்று. மோக்க, மோக்கிய இரண்டையும் அதில் பார்த்துவிட்டு வாங்குங்கள். அடுத்து ஹாஸ். தம்னன்–சத்தியன்போங் கிடைத்தால் மூன்றாவது. கட்டுரைகள் மட்டும்தான் வருகின்றன என்றால் இந்த வரிசையில் கடைசியை முதலில் கொண்டுவந்துவிடலாம். பல்லெகுவாவுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, ஸ்கேன் செய்த பிரதி இலவசமாகக் கிடைக்கிறது.